ஆசியக் கோப்பையும் புதிய அணிகளும்: நுழைவது எளிது, நிலைப்பது அரிது

மைசூரில் ரெயிலேறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் பெங்களூர். அங்குள்ள கண்டீரவா மைதானத்தில் 2016 அக்டோபர் 19-ந் தேதி ஒரு சாதனை நிகழ்ந்தது. முந்தைய ஆண்டு ஏ.எப்.சி. கோப்பையை வென்றிருந்த மலேசியாவின் ஜோகூர் அணியை 3–1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி, பெங்களூரு எப்.சி. இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தது. அதற்கு முன் எந்த இந்திய அணியும் அந்த இடத்தை எட்டியதில்லை. இத்தனைக்கும் அந்த அணி தொடங்கப்பட்டது 2013-ல்தான்!

நவம்பர் 5-ந் தேதி தோஹாவில் இறுதி ஆட்டம். எதிரே 1931-ல் பிறந்த ஈராக் விமானப்படை அணி. ஹம்மாதி அகமது அடித்த ஒரே கோலில் கோப்பை ஈராக்குக்குப் போயிற்று.

திறமை மட்டும் போதாது

மூன்று வயது அணி இறுதிவரை வந்ததே பெரிது. ஆனால் அதன் பாதையில் இருந்த தடைகளையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஐ-லீக் ஏப்ரலிலேயே முடிந்தது. ஆசியக் காலிறுதியோ செப்டம்பரில். இடையில் லீக் ஆட்டமே இல்லை. முதல் கோல்கீப்பர் அம்ரீந்தர் சிங்குக்கு இறுதி ஆட்டத்தில் ஆடத் தடை. ஒருவர் விலகினாலும் ஈடுகட்டும் பலம், ஆண்டு முழுவதும் ஆடும் அணிக்கே வரும்.

மும்பை சிட்டி அணியின் கதையும் இதையே சொல்கிறது. 2022-ல் மேல்நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில், அதே ஈராக் விமானப்படை அணியை 2–1 என்று வென்றது. அப்போட்டியில் இந்திய அணி ஒன்றுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. 2023–24-ல் திரும்பச் சென்றபோது ஆறு ஆட்டங்களிலும் தோல்வி!

சம்பளமே கேள்விக்குறி

அயல்நாட்டு அணிகளைவிடப் பெரிய எதிரி உள்நாட்டிலேயே இருக்கிறது. ஐ.எஸ்.எல். போட்டி நடக்குமா என்ற குழப்பத்தால், 2025 ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. ஒரு காலத்தில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். தொழிற்சாலை அணிகளில் ஆடியவர்களுக்குப் பந்தோடு வேலையும் இருந்தது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

புதிய அணிக்குப் பணம் போட முதலாளி கிடைப்பார். நல்ல பயிற்சியாளரும் கிடைப்பார். தடைப்படாத லீக்கும் தவறாத சம்பளமும் கிடைக்காவிட்டால், ஆசிய மேடையில் வெற்றி ஒருநாள் கூத்தாகவே முடியும்.