மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குடியாத்தம் பக்கம் பெட்டிக்கடைகளில் வியாபாரம் சற்று மந்தம்தான். தெருவுக்கு நாலைந்து பேர் மாலை போட்டுக்கொள்கிறார்கள். நேற்று வரை பீடியும் கையுமாக நின்றவர், இன்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, விபூதி பூசி, கறுப்பு வேட்டியோடு வெறுங்காலில் நடக்கிறார். கட்டின மனைவியே அவரைச் "சாமி" என்று கூப்பிடுகிறாள். ஒரு மண்டலம், 41 நாள், சில பேர் 48 நாள், ஒரு பீடி கிடையாது. "எப்படிங்க முடியுது?" என்று கேட்டால், "எல்லாம் ஐயப்பன் பார்த்துக்கிறார்" என்று பதில் வரும்.

சரி, மாலை கழற்றிய மறுநாள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாமே. வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறாள். கணவர் பேர்ணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டு குழந்தைகள்; சின்னவனுக்கு இழுப்பு. கணவர் மாலை போட்டிருந்த அந்த ஒன்றரை மாதத்தில் வீட்டில் இருமல் சத்தமே இல்லையாம். சின்னவன் இரவில் எழுந்து உட்காராமல் தூங்கினானாம். மலைக்குப் போய்த் திரும்பி வந்தார். அம்மா கையால் மாலை கழற்றினார்கள். கொண்டுவந்த அரவணைப் பாயசம் டப்பாவில் பாதி இருக்கும்போதே, மறுநாள் சாயங்காலம் சட்டையில் பழைய வாடை.

என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். "குழந்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லிட்டேன் அக்கா. பண்ணிட்டாரு. மூணாம் நாள் மொட்டை மாடியில பார்க்கிறேன், நின்னு இழுத்துக்கிட்டிருக்காரு. நான் சுத்தற பீடியையே எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. ஆயிரத்துல குறைஞ்சா எனக்குத்தானே கூலி பிடிப்பாங்க? நானே சுத்தி, நானே குடுத்து, நானே திட்டிக்கிட்டிருக்கேன்."

அவள் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கு இரண்டு நாள் காதிலேயே இருந்தது.

சகோதரிகளே, இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதே இல்லை. மண்டல விரதம் இருந்தவர் பீடியை "கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தவர்" இல்லை. உடம்பைப் பொறுத்தவரை அவர் பீடியை விட்டே விட்டவர்! புகையிலையில் ஆளை அடிமையாக்கும் பொருள் நிகோடின். இரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாளில் உடம்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், எதிலும் மனம் நில்லாமை எல்லாம் முதல் வாரத்தில் ஆட்டி வைத்து, மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 41 நாள் என்பது அதற்கும் மேலே. கஷ்டமான பாகத்தை அந்த மனிதர் தாண்டிவிட்டார். அது அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

அப்படியானால் ஏன் திரும்பவும் பற்ற வைக்கிறார்? விரத நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர் டீக்கடைப் பக்கம் போவதில்லை. கம்பெனியில் கூட இருப்பவர்கள் "சாமிக்கு வேண்டாம்" என்று நீட்டுவதில்லை. சாயங்காலம் இரண்டாவது குளியல், பிறகு பஜனை. பீடி பிடிக்கும் நேரம் ஒவ்வொன்றிலும் வேறு ஒரு காரியம் வந்து உட்கார்ந்துகொண்டது. கூடவே வீட்டில் மரியாதை. மாலை கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. டீ வருகிறது, நண்பர் வருகிறார், தீப்பெட்டி வருகிறது. "ஏங்க, கரண்ட் பில் கட்டினீங்களா?" என்று நாமும் பழைய குரலுக்கு வந்துவிடுகிறோம். உடம்பு கேட்டு அவர் பற்ற வைக்கவில்லை. கை பழக்கத்தில் பற்ற வைக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதே அனுபவம் நோன்பு மாதத்தில் உண்டு. விடியலிலிருந்து மாலை வரை பதின்மூன்று மணி நேரம் ஒரு இழுப்பு இழுக்காமல் இருக்கிறார்கள். ஆனால் நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு பற்ற வைப்பவருக்கு உண்மையில் மண்டல விரதக்காரரைவிடக் கஷ்டம் ஜாஸ்தி. தினமும் தவிப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இரவில் அந்த ஒன்றையும் விட்டுவிட்டால் பெருநாளுக்குள் உடம்பு தெளிந்துவிடும். பகலெல்லாம் முடிந்தவருக்கு இது முடியாததா?

"பீடிதானே, வெறும் இலை. சிகரெட் மாதிரி கெடுதல் இல்லை" என்பது நம் ஊரில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் இலையில் காற்று புகாது, விட்டால் அணைந்துவிடும். அதனால் அழுத்தமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சுக்குள் போகிற நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. நம் தமிழ்நாட்டிலேயே, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்து டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைப்போல் நாலு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். நாம் புற்றுநோயையே நினைத்துப் பயப்படுகிறோம். காசம் அதற்கு முன்பே வாசலில் நிற்கிறது. இரண்டு வாரம் விடாத இருமல் என்றால் "பீடி இருமல்தான்" என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

புகை அவரோடு நின்றுவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஜப்பானில் ஹிராயாமா என்ற டாக்டர், தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 வருஷம் கவனித்து 1981-ல் எழுதினார். கணவர் அதிகம் புகைக்கிற வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் கூடுதல் என்று தெரிந்தது. அப்போது அதை நம்பாமல் எதிர்த்தவர்கள் பலர். பிறகு வந்த ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதி செய்துவிட்டன. குழந்தைகளுக்கோ இழுப்பு, காது சீழ், நிமோனியா என்று வரிசையாக வரும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பிறக்கும் குழந்தையின் எடை குறையலாம். வாசலில் போய்ப் பிடித்தாலும் சட்டையிலும் கையிலும் வாடை ஒட்டிக்கொண்டு வருகிறது. சட்டையை மாற்றிக் கை கழுவாமல் கைக்குழந்தையைத் தூக்க விடாதீர்கள்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

முதல் காரியமாக, அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கச் சொன்னேன். அவளுக்குக் கோபம்! "என்ன அக்கா, அவர் பக்கம் பேசறீங்க?" நான் யார் பக்கமும் பேசவில்லை. குழந்தை தலையில் அடித்துச் செய்த சத்தியம் ஒரு பீடியில் உடைந்துவிடுகிறது. உடைந்தபின் அந்த மனிதருக்கு வீட்டில் சொல்ல வழியில்லை. மொட்டை மாடி, முட்டுச் சந்து, ஏலக்காய், பொய் என்று போய்விடும். புகைப்பதை விடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தடவையில் விடுவதில்லை. மூன்றாவது நாலாவது முயற்சியில் ஜெயித்தவர்கள் ஏராளம். வழுக்கினால் வந்து சொல்லலாம் என்ற தைரியம் அவருக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்த அன்று ஆரம்பிப்பதென்று கணவரையே நாள் குறிக்கச் சொன்னாள். விரதத்தில் இருந்த சில பழக்கங்களை மட்டும் மாலை இல்லாமலே திரும்பக் கொண்டுவந்தாள். வேலை விட்டு வந்ததும் குளியல். டீ வீட்டிலேயே, அதுவும் இஞ்சி தட்டிப்போட்டு. சாப்பிட்டவுடன் கை பீடியைத் தேடும் என்பதால், அந்த நேரத்தில் பெரியவளின் கணக்கு நோட்டை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். சட்டைப்பையில் வறுத்த கடலையும் சோம்பும். ஆசை ஒரு தடவை கிளம்பினால் மூன்று நிமிஷம், மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷம். அதைத் தாண்டினால் தானே இறங்கிவிடும். இதை அவரிடம் சொன்னதும், மணி பார்ப்பதே அவருக்கு ஒரு விளையாட்டாகிவிட்டதாம்.

கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லச் சொன்னபோதுதான் தகராறு. "சுண்ணாம்பு நாத்தத்துல நின்னு பாரு, பீடி இல்லாம நிக்க முடியுமான்னு தெரியும்" என்றாராம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தோல் கம்பெனி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் போகிற நமக்கு, எட்டு மணி நேரம் உள்ளே நிற்பவர் பாடு தெரியாது. கடைசியில், வாயில் கிராம்பு போட்டுக்கொண்டு சமாளித்தார்.

முதல் வாரம் தட்டு பறந்தது. "உப்பு இல்லை" என்று ஒரு நாள், "உப்பு கரிக்குது" என்று மறுநாள், சாம்பார் ஒன்றுதான்! அது நிகோடின் பேசுகிற பேச்சு என்று தெரிந்திருந்ததால் அவள் வாய் திறக்கவில்லை. மலச்சிக்கலுக்குக் கீரையும் கொய்யாப்பழமும் வெந்நீரும். இரண்டாவது வாரம் இருமல் கூடியது. பயந்து ஓடி வந்தாள். பயப்பட வேண்டாம். புகையில் மரத்துப் போயிருந்த மூச்சுக்குழல் தன்னைக் கழுவ ஆரம்பிக்கும்போது, சிலருக்குச் சில வாரம் சளி கூடும். பசி எடுக்கும், நாலைந்து கிலோ எடை ஏறலாம்; முறுக்கு டப்பாவைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், போதும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுபவர் மட்டும் பீடியை விட்டதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் ஆம்பூரில் ஒரு கல்யாணம். பிரியாணி சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் யாரோ நீட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவராகவே சொன்னார். இவள், "எத்தனை?" என்று கேட்டாள். "ஒண்ணுதான்." "சரி, சட்டையை மாத்திட்டு வாங்க, சின்னவன் கூப்பிடறான்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் இருபதாம் நாள் என்றே கணக்கைத் தொடர்ந்தார்கள்.

இவரைவிட அதிகம் புகைப்பவர்களுக்கு மன உறுதி மட்டும் போதாமல் போகலாம். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக்கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு திரும்ப மெல்ல வேண்டும். டீ, காப்பி குடித்த உடனே போட்டால் வேலை செய்யாது. இருதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பீடி, சிகரெட் பெட்டிகளிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். காசில்லாமல் பேசி ஆலோசனை கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பீடியை விட்டுவிட்டு உதட்டுக்குள் பொட்டலப் புகையிலையை அடக்கிக்கொள்வது விட்டதாகாது. வாய்ப் புற்றுக்கு அதுவே நேர்வழி.

"நாற்பது வயசுக்கு மேல விட்டு என்ன பிரயோஜனம்?" என்பவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். இங்கிலாந்தில் 1951 முதல் 50 வருஷம் டாக்டர்களையே கவனித்து, 2004-ல் ரிச்சர்ட் டால் வெளியிட்ட கணக்கு இது. புகையை 60 வயதில் விட்டவருக்கு 3 வருஷம் ஆயுள் கூடுகிறது. 50-ல் விட்டால் 6, 40-ல் விட்டால் 9, 30-ல் விட்டால் 10. பணக் கணக்கும் போடலாம். பீடி, தீப்பெட்டி, கூடவே ஒரு டீ என்று நாளைக்கு 30 ரூபாய் போனால் வருஷத்துக்கு 10,950 ரூபாய்.

பீடி சுற்றுவதை ஏன் அவள் விடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அந்தக் கூலியிலதான் அக்கா பெரியவ படிப்பு." இதற்கு என்னிடம் பதில் இல்லை. பீடித் தூளைத் தொட்டுத் தொட்டு நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறுகிறது. குழந்தைகள் படுக்கும் அறையில் முறத்தை வைக்காதே, சுற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோறு பிசையாதே என்றுதான் சொல்ல முடிந்தது. அதைச் செய்கிறாள். இதைவிட நல்ல வேலை கிடைத்தால் விட்டுவிடுவாள். அது கிடைக்க வேண்டுமே.

போன வாரம் வழியில் பார்த்தேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, சின்னவனுக்கு இழுப்பு மருந்து முன்போல் அடிக்கடி தேவைப்படுவதில்லை என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"இப்ப அவருக்குத் தூள் வாடையே ஆகலை அக்கா. 'முறத்தை அந்தண்டை தள்ளி வை, தலைவலி வருது'ங்கறாரு. இத்தனை வருஷம் எனக்கு வரலையான்னு கேட்டேன். பதிலே காணோம். முறத்தைத் தூக்கிக்கிட்டுப் போய்த் திண்ணையில வெச்சுட்டு வந்தாரு."