இன்னுமா?

கரு கலைந்தது பத்தாவது வாரத்தில். மாத்திரையிலேயே வெளியேறிவிடும் என்றார்கள். இரண்டு வாரமாகியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையில் திசு மிச்சம் இருப்பதாக ஸ்கேன் சொன்னது. டி அண்ட் சி. அப்புறம் காய்ச்சல், தொற்று, மறுபடி அட்மிஷன், மறுபடி அதே மேசை.

"சின்ன வயசுதானே, அடுத்தது தங்கிடும்" என்றார் அத்தை. எனக்கு அடுத்தது வேண்டாம், இது முடிந்தால் போதும் என்றிருந்தது. நம் ஊரில் கருச்சிதைவுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே நாள். அன்றைக்கு அழுதுகொள்ளலாம். நாலாவது வாரமும் படுத்திருந்தால், "இன்னுமா?"

ஆபீஸும் அதையேதான் கேட்டது, கொஞ்சம் நல்ல இங்கிலீஷில். சிக் லீவ் தீர்ந்துவிட்டதாம். டெலிவரி ஆகாததால் மெட்டர்னிட்டி லீவும் கிடையாதாம். வேலையில் சேர்ந்த அன்று '26 வாரம்' என்று பெருமையாக ஸ்லைடு போட்டவர்கள்தான். 2025 வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 9ஆம் பிரிவு, கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு 6 வாரம் தந்தது. அதனால் வரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம் வரை தந்தது 10ஆம் பிரிவு. மூடிய பக் திரும்பத் திறக்கும் என்று எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும். உடம்பும் அப்படித்தான் என்று 1961லேயே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆதாரம் கேட்டார்கள். கேட்கட்டும், சட்டமும் கேட்கிறது. ஆனால் ரத்தம் போய்க்கொண்டிருப்பவள்தான் கட்டிலில் படுத்தபடி செக்‌ஷன் நம்பர் தேட வேண்டுமா? டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் இணைத்து அனுப்பினேன்.