நம் ஊர்ச் சூட்டை நாமே அளப்போம்



கோடை வந்தால் செய்தியில் வேலூர் வெயிலைச் சொல்கிறார்கள். ஆரணியில் நமக்கும் அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறோம். தூக்கம்தான் வருவதில்லை. இரவு ஒன்பது மணிக்கும் மொட்டைமாடித் தரை காலைச் சுடுகிறது. அதே நேரம் சேவூர்ப் பக்கம் வயலோரமாக வண்டியில் போனால் முகத்தில் குளிர்ந்த காற்று படுகிறது. இந்த வித்தியாசம் எத்தனை டிகிரி? வேலூர்க் கணக்கில் அதற்குப் பதில் இல்லை.

இதை எழுதும் நாங்கள் தறிக்காரர்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. தலைக்கு மேலே ஓடு போய் சிமென்ட் ஷீட் வந்துவிட்டது. காற்றில் ஈரம் குறைந்தால் பட்டு இழை காய்ந்து அறும். அறுந்ததை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால் சேலை எப்போது இறங்கும்? விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்க நிழல் தந்த மரங்களும் பல இடங்களில் இல்லை.

கல்லும் சிமென்ட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடுகின்றன. நம் அரிசி ஆலைகளின் நெல் காயும் களமும் இதில் சேர்த்தி. மண்ணும் பயிரும் ஈரத்தை ஆவியாக விட்டுக் குளிர்கின்றன. அதனால்தான் நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே நன்றாகத் தெரியும். லண்டனில் இதை முதலில் அளந்து சொன்னவர் லூக் ஹோவர்ட், மருந்து தயாரித்து விற்றவர். 200 ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட இரவு வித்தியாசம் 3.7 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பார்கள். அது காலை பத்தரை மணி வாக்கில் கூரையின் சூட்டைப் பார்க்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றின் சூடு வேறு.

அளக்கும் வேலை சுலபம். வரும் அக்னி நட்சத்திரத்தில் மழையும் பலத்த காற்றும் இல்லாத பத்து இரவுகள், சரியாக ஒன்பது மணி. கொசப்பாளையம், சைதாப்பேட்டை, புதுக்காமூர் தெருக்களில் சிலர். சேவூர், முள்ளிப்பட்டு, இரும்பேடு வயல்வெளியில் சிலர். தரையிலிருந்து ஐந்தடி உயரம், சுவரை ஒட்டாமல், ஏசி காற்று படாமல். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது.) முதல் நாள் எல்லாக் கருவிகளையும் ஒரே நிழலில் அரைமணி நேரம் வைத்து, எது கூடக் காட்டுகிறது, எது குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வோம். அந்தப் பிழையைக் கழித்த பிறகு, நகரச் சராசரியிலிருந்து கிராமச் சராசரியைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்கு 30.4இல் 28.1 போனால் 2.3. அதுதான் நம் ஊர் தானாகச் சேர்த்துக்கொண்ட சூடு.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் நம் மனுக்களில் இன்னும் ‘வெயில் தாங்கவில்லை’ என்றுதான் எழுதுகிறோம். இந்த முறை மரம் கேட்டும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு கேட்டும் நகராட்சிக்குப் போகும்போது தெருவாரியாக எண்ணோடு போவோம்.

கிராமத்து நண்பர்களே, உங்கள் அளவு இல்லாமல் எங்கள் அளவுக்கு அர்த்தமில்லை. ஏப்ரல் முடிவதற்குள் உங்களுக்குத் தெரிந்த தறிக்காரர் யாரிடமாவது பெயர் கொடுங்கள். கருவி இல்லாதவர்களும் வரலாம். மணி பார்த்துச் சொல்லவும் நோட்டில் எழுதவும் ஆள் வேண்டும்.