உங்க சிஸ்டத்துலதான் பிரச்சனை

ஒரு கேமை ஆடும்போது திரை கால் நொடியோ அரை நொடியோ உறைந்து நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி தொடரும். இதை ஸ்டட்டர் என்பார்கள். நான் திக்கல் என்று எழுதுகிறேன். ப்ராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கித் தானே பூட்டிய கம்ப்யூட்டரில் இந்தத் திக்கல் வந்தால், மனிதன் முதலில் சந்தேகப்படுவது தன் கையைத்தான். தெர்மல் பேஸ்ட் போதுமா? ரேம் சரியான ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதா? பவர் சப்ளை தாங்குமா? போய்க் கேட்கிற இடமெல்லாம் அந்தச் சந்தேகத்துக்கு நெய் ஊற்றுவார்கள். கேம் கம்பெனியின் உதவிக் குழு, கடைக்காரர், விவரம் தெரிந்த நண்பன், எல்லோரிடமும் ஒரே பதில்: "உங்க சிஸ்டத்துலதான் பிரச்சனை."

கடந்த பத்து வருடங்களில் வந்த பெரிய கேம்களைப் பொறுத்தவரை இந்தப் பதில் பெரும்பாலும் பொய் என்பது என் கட்சி. விற்றவனின் குறையை வாங்கினவன் தலையில் கட்டுகிற பொய். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். இந்தப் பொய் எந்தப் பட்டறையில் தயாராகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். "என் மெஷின்ல ஓடுதே" என்பது எங்கள் தொழிலின் தேசிய கீதம்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற எண்ணைப் பார்த்துவிடலாம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்று விளம்பரம் சொல்கிறது. அது சராசரி. ஒரு நொடியில் 59 ஃப்ரேம்கள் தலா 8 மில்லிநொடியில் வந்துவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 472 மில்லிநொடி. கடைசி ஒரே ஒரு ஃப்ரேம் மீதி 528 மில்லிநொடியையும் விழுங்கிவிடுகிறது. அந்த நொடியின் கணக்கு என்ன? சாட்சாத் 60 ஃப்ரேம்தான். ஆடுகிறவனோ பாதி நொடிக்கு மேல் உறைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 16.7 மில்லிநொடிக்கு ஒன்றாக வரும் என்பதுதான் கண்ணின் எதிர்பார்ப்பு. கண் சராசரி போட்டுப் பார்ப்பதில்லை.

இதை 2011லேயே ஒருவர் தெளிவாக எழுதிவிட்டார். டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன், நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று அளந்து காட்டினார். அதற்குப் பிறகு ஹார்டுவேர் விமர்சனம் எழுதுகிறவர்கள் திருந்தினார்கள். ஆனால் விற்பனை மேடைகளில் காட்டப்படும் பட்டை வரைபடங்களில் இன்றும் உயர்ந்து நிற்பது சராசரிதான். எங்கள் துறையில் ஒரு சர்வர் சராசரியாக 50 மில்லிநொடியில் பதில் சொல்கிறது என்று மீட்டிங்கில் சொன்னால் சிரிப்பார்கள். நூற்றில் மோசமான அந்த ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பார்கள். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய ஒரு கட்டுரை முழுக்க இந்த வாலைப் பற்றியதுதான். வங்கிச் செயலிக்கு ஒரு நியாயம், கேமுக்கு ஒரு நியாயமா?

சரி, அந்த 528 மில்லிநொடியில் கம்ப்யூட்டர் என்னதான் செய்துகொண்டிருந்தது? பல நேரங்களில் பதில்: ஷேடர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தது. ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டுக்குள் ஓடுகிற குட்டி நிரல். தண்ணீர் எப்படி மின்னவேண்டும், தீ எப்படி எரியவேண்டும் என்று சொல்வது அதுதான். ப்ளேஸ்டேஷனில் சிப் முன்கூட்டியே தெரியும் என்பதால் கம்பெனியே அதைத் தொகுத்துக் கையில் கொடுத்துவிடும். பிசியில் கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் மாறும். ஆகவே கடைசிக் கட்டச் சமையல் வாங்கினவர் வீட்டில்தான் நடக்கவேண்டும். டைரக்ட்எக்ஸ் 11 காலம் வரை இதில் பெரும்பகுதியை டிரைவர் எழுதுகிறவர்கள் திரைமறைவில் சமாளித்து வந்தார்கள். டிரைவர் வழியை மறிக்கிறது, ஹார்டுவேரை எங்கள் கையில் கொடுங்கள் என்று கேம் எஞ்சின் எழுதுகிறவர்கள் கேட்டார்கள். 2015இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தது, 2016இல் வல்கன் வந்தது. எந்த ஷேடரை, எந்த அமைப்போடு சேர்த்து, எப்போது தொகுப்பது என்பதெல்லாம் கேமின் பொறுப்பானது. கேட்ட கட்டுப்பாடு கிடைத்தது. கூடவே வந்த பொறுப்பை, முதல் குண்டு வெடிக்கிற அதே கணத்தில், நம் ப்ராசசர் தலையில் இறக்கிவைத்தார்கள்.

2022 டிசம்பரில் வெளியான கேலிஸ்டோ ப்ரோட்டோகால் இதற்கு நல்ல உதாரணம். வெளியான அன்றே பிசியில் ஆடினவர்கள் ஸ்டீமில் வெளுத்து வாங்கினார்கள். சில நாட்களுக்குள் ஷேடர் தொகுப்பைச் சரிசெய்யும் திருத்தம் வந்தது. யாருடைய மதர்போர்டும் அதற்குள் மாறவில்லை. 2023இல் வந்த ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர் இன்னொரு ரகம். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடக்கும்போது உள்ளே சரக்கு ஏற்றி இறக்குகிற திக்கல். அன்றைக்குக் காசுக்குக் கிடைத்த மிக வேகமான ஹார்டுவேரிலும் அது திக்கியது. அன்ரியல் எஞ்சினை எழுதுகிற எபிக் நிறுவனமே 2025 தொடக்கத்தில், ஷேடர் திக்கல் ஏன் வருகிறது, தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று விரிவாக எழுதியது. அந்த விளக்கத்தில் உங்கள் தெர்மல் பேஸ்ட்டுக்கு ஒரு வேஷமும் இல்லை.

ஹார்டுவேர்காரர்களையும் விட்டுவிட முடியாது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 கட்டாயம். அதனால் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற எஃப்டிபிஎம் வசதியை மக்கள் பயாஸில் போய் இயக்கினார்கள். ரைசன் ப்ராசசர் வைத்திருந்த சிலருக்கு அதன்பின் விசித்திரமான திக்கல். கேம் வேண்டாம், பாட்டுக் கேட்டாலே சத்தம் பிசிறடித்து நிற்கும். விண்டோஸை அழித்துப் போட்டார்கள், ரேமை மாற்றினார்கள். 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது: சில அமைப்புகளில் எஃப்டிபிஎம், மதர்போர்டிலுள்ள ஃப்ளாஷ் மெமரியோடு பேசும்போது அவ்வப்போது நேரம் இழுக்கிறது, அது முடியும்வரை மொத்த சிஸ்டமும் காத்துக்கிடக்கிறது. மே மாதத்திலிருந்து பயாஸ் திருத்தம் வரும் என்றார்கள். அடுத்த வருடம் இதே எஃப்டிபிஎம் லினக்ஸிலும் தலைகாட்டி, லினஸ் டோர்வால்ட்ஸையே பொறுமை இழக்கவைத்தது. உலகத்தின் பாதி சர்வர்களுக்கு அஸ்திவாரம் போட்ட ஆளே எரிச்சல்படுகிற கோளாறை, ஒரு கல்லூரிப் பையன் தன் ஸ்க்ரூடிரைவரால் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

பையன் என்றதும் என் சித்தி மகன் ஞாபகம் வருகிறான். இரண்டு வருடம் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிக் கட்டியவன். ஒரு புது கேம் திக்கியது. கடைக்காரரிடம் போனான். "தம்பி, உங்க ஏரியால வோல்டேஜ் சரியில்ல, நல்ல யுபிஎஸ் போடுங்க" என்றார். "அண்ணே, மத்த கேமெல்லாம் நல்லா ஓடுதே" என்றதற்கு, "அப்ப ரேம்ல டவுட்டு, மாத்திப் பாருங்க." விண்டோஸை நான்கு முறை மறுபடி போட்டு, ரேமும் பவர் சப்ளையும் மாற்றி, பதினோராயிரம் ரூபாய் கரைத்த பிறகுதான் எனக்குப் போன் செய்தான். "அண்ணா, எனக்கு பில்ட் பண்ணவே தெரியல போல" என்றான். எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தையும் பதிவுசெய்யச் சொன்னேன். பிரசன்ட்மான் என்ற இலவசக் கருவி போதும். ஒரு வெடிப்பையோ ஒரு மந்திரத்தையோ முதல் தடவை பார்க்கும்போது மட்டும் வரைபடத்தில் கோபுரம் மாதிரி ஓர் உச்சம், அதே காட்சி இரண்டாம் தடவை வரும்போது சமதரை. ஷேடரின் கைரேகை இது. ஒரே வாசலைத் தாண்டும்போதெல்லாம் உச்சம் வந்தால் கேம் சரக்கு ஏற்றும் முறையில் கோளாறு. டெஸ்க்டாப்பிலும் திக்கி, சத்தமும் பிசிறினால் டிரைவரையோ பயாஸையோ பார்க்கவேண்டும். இந்தப் பதிவை அந்த கேம் கம்பெனியின் உதவிக் குழுவுக்கு நானே அனுப்பினேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். டிரைவரைப் புதுப்பியுங்கள், ஃபைல்களைச் சரிபாருங்கள், விண்டோஸை மறுபடி நிறுவுங்கள் என்று பதில் வந்தது. நான் அனுப்பிய கோப்பை யாரும் திறந்த அறிகுறியே இல்லை. மறுபடி எழுதினேன். அதே பட்டியல், வேறு கையெழுத்து. மூன்று வாரம் கழித்து வந்த அப்டேட் குறிப்பில் ஒரு வரி: ஷேடர் தொகுப்பு மேம்படுத்தப்பட்டது. திக்கல் போய்விட்டது. பதினோராயிரம் போனது போனதுதான்.

எதிர்த்தரப்பு வாதம் எனக்குத் தெரியும். பிசியில் ஆயிரம் சேர்க்கைகள், எல்லாவற்றிலும் எப்படிச் சோதிப்பது? நியாயமான கேள்வி. ஒற்றை ரேம் குச்சியைப் போட்டுவிட்டு இரட்டைச் சேனல் வேகத்தை எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. பயாஸில் எக்ஸ்எம்பியைத் தொடாமல், விலை கொடுத்து வாங்கிய ரேமை அடிப்படை வேகத்திலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. எட்டு ஜிபி கார்டில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்துவிட்டு அழுகிறவர்களும் உண்டு. அங்கெல்லாம் சிஸ்டத்தில்தான் பிரச்சனை. ஆனால் எல்டன் ரிங் கதையை என்ன செய்வது? 2022இல் விண்டோஸில் திக்கிய அந்த கேம், ஸ்டீம் டெக்கில், லினக்ஸின்மேல், மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாக ஓடும்போது பல இடங்களில் சீராக ஓடியது. கேமை எழுதாத வால்வ் நிறுவனம் தன் ப்ரோட்டான் அடுக்கில் திருத்தம் போட்டதால் வந்த சீர். சொந்த வீட்டில் திக்குகிற கேம் வாடகை வீட்டில் சரளமாகப் பேசுகிறது.

ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் விவகாரம் இதைவிட அசிங்கம். 2021 மே மாதம் வெளிவந்து, சண்டையின்போது திக்கியது. ஜூலையில் திருட்டுப் பதிப்பு வந்தது. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி சோதித்துப் பார்த்தபோது, பாதுகாப்புப் பூட்டு நீக்கப்பட்ட அந்தப் பதிப்பு சீராக ஓடியது. அதே மாதமே கேப்காம் திருத்தம் வெளியிட்டது. அதுவரை காசு கொடுத்தவன் திக்கினான், திருடினவன் சுகமாக ஆடினான்.

பழி வாங்கினவன்மேல் விழுகிறவரை அதைச் சுற்றி ஒரு பிழைப்பும் நடக்கும். ஹெச்பெட்டை அணை, ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்று, இந்தச் சேவையைக் கொன்றுவிடு, இந்த ஆப்டிமைசரை வாங்கு என்று யூடியூபில் கூவுகிறவர்கள் ஏராளம். செய்வதற்கு முன்னும் பின்னும் ஃப்ரேம் நேரத்தை அளந்து காட்டுகிறவர் அபூர்வம். தாயத்து வியாபாரம்தான். அதிலும் இது, நாளைக்கு விண்டோஸ் அப்டேட் வரும்போது சிஸ்டத்தை நிஜமாகவே கெடுத்துவைக்கிற தாயத்து. அப்புறம் கம்பெனிக்காரன் வந்து உங்க சிஸ்டத்துலதான் பிரச்சனை என்றால், அப்போது அது உண்மையாகவும் ஆகிவிடும்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2023 மார்ச்சில் த லாஸ்ட் ஆஃப் அஸ் பிசிக்கு வந்தபோது முகப்பிலேயே ஷேடர் தொகுக்க ஆரம்பித்தது. முன்கூட்டியே தொகுப்பது சரியான முறைதான். ஆனால் பலருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அதுவும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கிலேயே சேர்ந்தது. கேம் முகத்தைக் காட்டுவதற்குள் வாடிக்கையாளரின் உரிமையில் பாதி கரைந்துவிட்டது. ஸ்டீம் அந்தக் கடிகாரத்தைத் தொகுப்பு முடிந்தபிறகு ஓட்டலாம். அதுவரை நான் செய்வது இது: புது கேமை வாங்கியதும் முதல் ஒரு மணி நேரம் பிரசன்ட்மானோடு ஆடுவேன். உச்சங்கள் கேமின் கைரேகையோடு இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்டு, காரணம் எழுதும் இடத்தில் அந்த மில்லிநொடி எண்களை அப்படியே போடுவேன். சித்தி மகனுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். போன மாதம் அவன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.