உரைகல் நகைக்கு மட்டும்தானா?

முதலில் ஒரு வேண்டுகோள். பைக் என்றாலே "இது நமக்கில்லை" என்று நகர்ந்துவிடும் தாய்மார்கள் இதை அவசியம் படிக்கவும். பேச்சு பைக்கைப் பற்றித்தான் என்றாலும், அடகுக்கு வந்தது உங்கள் கழுத்துச் சங்கிலி.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். படிச்சது பி.காம். புனேவுக்கு வந்து பதினோரு வருஷம், வங்கியில் ஆணி புடுங்கிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஞானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்பா வைத்திருந்த எஸ்டியை (அதில் கிக்கரும் கியரும் ஒரே கம்பி) உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கிய அனுபவம்தான்.

போன மாசம் ஒருநாள் எங்கள் கிளைக்கு ஒரு அம்மா வந்தார். கரூர்க்காரர். மகன் ஹிஞ்ஜவடியில் மென்பொருள் வேலை, எங்கள் குடியிருப்பிலேயே மூணாவது மாடி. ஆறு பவுன் சங்கிலியை வைத்து மூணு லட்சம் நகைக்கடன் வேண்டும் என்றார். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் உரசினார், அமிலம் விட்டுப் பார்த்தார், கொக்கியைத் தனியாகச் சோதித்தார், தராசில் வைத்தார். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கழுத்தில் கிடந்ததை ஒருத்தர் சந்தேகப்படுகிறார் என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"எதுக்கும்மா, ஊர்ல ஏதும் விசேஷமா?" என்றேன்.

"இல்லீங்க தம்பி. இவன் ஏதோ வண்டி வாங்கறானாமுங்க. ரேசுல ஓடுன வண்டியாம், ரொம்பப் பழசாம். பழசுக்கு இத்தனை ரூவாயாங்க?"

பையனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். 1968-ஆம் வருஷத்து சி.இசட் 250 மோட்டோகிராஸ் வண்டியாம். செக்கோஸ்லோவாகியாவிலிருந்து நேராக மெட்ராஸ் வந்து, சோழவரத்தில் ஓடி ஜெயித்ததாம். விலை நாலரை லட்சம். இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

"ஆதாரம் என்ன தம்பி?"

"விக்கறவரே சொன்னாருண்ணா."

வந்ததே கோபம் எனக்கு. அம்மாவின் சங்கிலிக்கு உரைகல், அமிலம், தராசு. அதே பணத்தில் வாங்கும் வண்டிக்கு ஒருத்தர் வாய்ச்சொல். இது எந்த ஊர் நியாயம்?

பையனுடைய ஆசையை நான் குறை சொல்லவில்லை. மோட்டோகிராஸ் என்றால் மண், மேடு, பள்ளம், சேறு என்று எல்லாவற்றிலும் பாய்ந்து ஓட்டும் பந்தயம். அதில் சி.இசட் பெரிய பெயர். ஸ்ட்ராகோனிட்சே என்ற சின்ன ஊரில் செய்த வண்டி. பெல்ஜியத்தின் ஜோயல் ரோபேர் 1964, 1968, 1969 என்று மூன்று முறை 250 சிசி உலக சாம்பியன் ஆனது சி.இசட்டில்தான். கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் 1966 முதல் 1968 வரை 500 சிசி பிரிவில் தொடர்ந்து மூன்று பட்டம் வாங்கியதும் இதே வண்டியில். அப்பேர்ப்பட்ட வண்டிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருக்கத்தான் செய்யும். கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். இது வங்கியில் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய பந்தய வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது சொன்ன கம்பெனியின் சொன்ன மாடல்தானா? இது சொன்ன பந்தயத்தில், சொன்ன ஆளை ஏற்றிக்கொண்டு ஓடியதா? முதல் கேள்விக்கு இரும்பு பதில் சொல்லும். இரண்டாவதற்குக் காகிதம்தான் பதில் சொல்லும். விற்பவர்கள் செய்யும் தில்லாலங்கடி என்னவென்றால், முதல் கேள்விக்குப் பாதி பதிலைக் காட்டிவிட்டு இரண்டாவது கேள்விக்கான முழு விலையையும் வாங்கிக்கொள்வது.

கடன் மனுவை ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பையனோடு நானும் கிளம்பினேன். (தங்கமணி முறைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) கூடவே எங்கள் பகுதியில் நாற்பது வருஷமாக ஜாவா, எஸ்டி பார்க்கும் மராத்தி மெக்கானிக் காகா, பையில் ஒரு வெர்னியர் காலிப்பரோடு.

வண்டி பளபளவென்று இருந்தது. புது பெயின்ட், புது சீட், முன்னால் மஞ்சள் பலகையில் கறுப்பு எண். ஆர்.சி. நகலைக் கேட்டேன். கொடுத்தார். ஜாவா என்று இருந்தது. "அப்போ எல்லாம் சி.இசட்டையும் ஜாவான்னுதான் பதிவாங்க" என்றார். சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தோம், வாகனக் கடனுக்கு எடுக்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். எண் அப்படியே பொருந்தியது. பையன் முகத்தில் வெற்றிப் புன்னகை.

எண் பொருந்தியதுதான் எனக்கு உதைத்தது. அசல் மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. சாலையில் ஓட்டவே கூடாத வண்டிக்கு ஆர்.சி. எங்கிருந்து வந்தது? 1968-இல் வெளிநாட்டு வண்டியை நினைத்த மாத்திரத்தில் இறக்குமதி செய்ய முடியாது, உரிமம் வேண்டும், சுங்கக் காகிதம் வேண்டும். இருந்திருக்க வேண்டிய காகிதம் இல்லை, இருக்கக் கூடாத காகிதம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஏதோ ஒரு சாலை ஜாவாவுடையது என்பதைத்தான் அந்த ஆர்.சி. நிரூபித்தது.

சந்தேகமே வேண்டாம் என்று காகா சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற அனுமதி கேட்டார். விற்பவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். இங்கேதான் கணக்கு உதவும். மைசூரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து செய்த சாலை ஜாவா 250-இன் சிலிண்டர் விட்டம் 65 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 75. சி.இசட் 250 மோட்டோகிராஸில் விட்டம் 70, ஓட்டம் 64. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 250 சிசிதான். ஆனால் ஒன்று ஒல்லியான உயரமான சிலிண்டர், மற்றது குட்டையான அகலமான சிலிண்டர். வேறு வேறு பிறவி. காலிப்பரில் வந்தது 66-க்குக் கொஞ்சம் குறைவு. ரீபோர் செய்த ஜாவா. எத்தனை தடவை ரீபோர் செய்தாலும் 65 வளர்ந்து 70 ஆகாது.

அந்த மஞ்சள் பலகைக்கும் வருகிறேன். 1970-களின் உலக சாம்பியன்ஷிப் மோட்டோகிராஸில் மஞ்சள் பலகையும் கறுப்பு எண்ணும் 500 சிசி பிரிவுக்கு. 250-க்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எண். வேஷம் போட்டவருக்கு வேஷம்கூடச் சரியாகத் தெரியவில்லை :-)

சரி, ஒரு பேச்சுக்கு அது அசல் சி.இசட் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. சோழவரம் என்பது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை மெட்ராஸ் பந்தயங்களுக்கு அதுதான் பேர்போன இடம், அந்தப் பேரும் தளத்தில் சீறிய வண்டிகளால் வந்தது. அங்கே ஒரு மண்பந்தய வண்டி ஜெயித்தது என்றால் எந்த வருஷம், எந்தப் போட்டி, ஓட்டியவர் யார்? இதில் ஒன்றுக்காவது பதில் வேண்டாமா?

"அந்தக் காலத்துல யாருங்க பேப்பர் வெச்சிருந்தா?" என்பார்கள். ஓட்டியவர் வைத்திருக்க மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தயம் நடத்தியவர்கள் வைத்திருப்பார்கள். பதிவுப் பட்டியல், முடிவுப் பட்டியல், அன்று கேட்டில் விற்ற நிகழ்ச்சிப் புத்தகம், மறுநாள் நாளிதழ், மேலே ஒரு புகைப்படம். ஜெயித்தேன் என்று சொல்கிற வண்டிக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால், ஜெயித்த விலையை எதற்குக் கொடுக்க வேண்டும்?

புகைப்படம் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எண் பலகை போட்டிக்குப் போட்டி மாறும். ஒரே வீரர் ஒரு வருஷத்தில் இரண்டு மூன்று வண்டி ஓட்டுவார். படத்தில் உள்ள வெல்டிங் தழும்பு, டேங்க் நசுங்கல், கூடுதலாக வைத்த பட்டைத் தகடு, இவையெல்லாம் முன்னால் நிற்கும் வண்டியில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி அணிகள் தமக்கென்றே கையால் செய்த வண்டி என்று யாராவது சொன்னால் இன்னும் ஜாக்கிரதை. ஜப்பான் கம்பெனிகள் அப்படிப்பட்ட பல வண்டிகளைப் பருவம் முடிந்ததும் திரும்ப எடுத்துப்போய் நொறுக்கிவிட்டன. அமெரிக்கத் தேசியப் பந்தயங்களில் 1986 முதல் கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டுதான் ஓட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. மிஞ்சியவை குறைவு. குறைவானதை ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்க முடியாது.

கண்ணால் பார்த்ததே பொய்யாகலாம். 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஜெர்மன் ராணுவ பைக்கில் முள்வேலியைத் தாண்டுவார் அல்லவா? அது ஜெர்மன் வண்டியே இல்லை, வேஷம் போட்ட பிரிட்டிஷ் டிரையம்ப். தாண்டியவரும் மெக்வீன் இல்லை, அவர் நண்பர் பட் எகின்ஸ். சினிமாவில் அது சரி, டிக்கெட் விலை கொஞ்சம்தான்.

இன்னொரு வாதம் வரும். "உங்களுக்கு வண்டிமேல காதல் இல்லை சார், அதான் கணக்குப் பார்க்கறீங்க." அய்யா, கணக்குப் பார்க்காத காதலால் யாருக்கு நஷ்டம் தெரியுமா? பணம் போட்டவருக்கு மட்டுமில்லை. உண்மையாகவே சேற்றில் விழுந்து எழுந்து, எலும்பு உடைந்து, சொந்தக் காசில் ஓட்டிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் ஓட்டிய வண்டி எங்கோ ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கலாம். வெட்டி ஒட்டிய ஜாவாவுக்கெல்லாம் சாம்பியன் பட்டம் கட்டினால், நாளைக்கு அந்த அசல் வெளியே வரும்போது அதையும் எவன் நம்புவான்?

அதனால்தான் இந்தப் பளபளப்பு வேலையையும் எதிர்க்கிறேன். பழைய பெயின்டைச் சுரண்டி, தழும்பைத் தேய்த்து, எண் அடித்த இடத்தில் புட்டி பூசிப் புதுசாக்குகிறார்களே, அது சாட்சியைக் கொல்வது. 2021-இல் வந்த மத்திய அரசின் பழம்பெரும் வாகன விதிகூட, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காகிதம் இல்லாத வண்டியெல்லாம் போலி இல்லை, அதை விற்பவர் எல்லாம் திருடரும் இல்லை. அவரையே முன்னால் ஒருத்தர் ஏமாற்றியிருக்கலாம். காகிதம் இல்லையா, பழைய வண்டி விலைக்கு வாங்குங்கள், ஆசை தீர ஓட்டுங்கள். கதைக்கென்று தனியாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நிரூபிக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். முதல் சொந்தக்காரரிலிருந்து இன்றுவரை கை மாறிய சங்கிலி எங்கே என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக:

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பென்சில் பிரிண்ட் எடுங்கள். எண்ணின் ஆழம், வரிசை, சுற்றிலும் அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. அந்த மாடலின் அளவுகளைத் தெரிந்துகொண்டு போங்கள். ஹெட்டைக் கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள்.
3. பந்தயம், வருஷம், ஓட்டியவர் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே எஸ்கேப்.
4. அம்மா நகையை இதற்கு வைக்காதீர்கள். அசலாகவே இருந்தாலும்.

பையனின் இருபத்தஞ்சாயிரம் திரும்பி வரவில்லை. வரும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆறு பவுன் அன்றே அம்மா கழுத்துக்குத் திரும்பிவிட்டது. பையன் மூணு வாரம் என்னைப் பார்த்தால் லிஃப்டில் ஏறாமல் படியில் போனார். கனவைக் கலைத்த பாவி நான்.

போன சனிக்கிழமை அவரே வந்து கதவைத் தட்டினார். காகா கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய எஸ்டி விலைக்கு வருகிறதாம், சாதாரண சாலை வண்டி, ஆர்.சி. சுத்தமாக இருக்கிறதாம். "நாளைக்குக் காலைல கூட வர்றீங்களாண்ணா?" என்றார். கையில் புது வெர்னியர் காலிப்பர்.

டிஸ்கி: தங்கமணி மறுபடி முறைக்கிறார். விடு ஜூட்.