மாட்டுக் கடன்: பால் கணக்கு மட்டும் போதுமா?

தாட்கோ வழியாக நடக்கும் சி.எம்.அரைஸ் திட்டத்தில் தொழில் தொடங்கும் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. உச்சவரம்பு 3.5 இலட்சம் ரூபாய். வட்டியிலும் 6 விழுக்காடு மானியம் உண்டு. கையில் நிலமோ கடையோ இல்லாத குடும்பம் இப்படியொரு கடனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முதலில் நினைப்பது கறவை மாட்டைத்தான். அதில் தவறில்லை. எந்த மாட்டை வாங்குவது என்பதில்தான் குடும்பம் நிமிர்வதும் கடனில் விழுவதும் இருக்கிறது.

தரகரிடம் கேட்டால் எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்வார். வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கையிலும் லிட்டர் கணக்குதான் முதலில் நிற்கிறது. மாட்டின் உடற்கட்டைப் பற்றி, அதாவது அதன் உயரம், நீளம், எடை பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் தீவனச் செலவைத் தீர்மானிப்பது அந்த உடற்கட்டுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசு 450 கிலோ எடை இருந்தால், உடல் எடையில் 3 விழுக்காடு என்ற அளவில் நாளொன்றுக்கு 13.5 கிலோ உலர் தீவனம் வேண்டும். 280 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு 2.5 விழுக்காடு வீதம் 7 கிலோ போதும். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், இந்த அளவைப் புல்லாகவே கொடுப்பதானால் ஐந்து மடங்கு அறுத்துவர வேண்டும். பெரிய மாடு பால் வற்றிய மாதங்களிலும் வயிற்றைச் சுருக்கிக்கொள்ளாது. சொந்த வயலில் வைக்கோலும் சோளத்தட்டையும் கிடைப்பவருக்கு இது பாரமில்லை. வரப்பில் புல் அறுப்பதற்கே அடுத்தவர் அனுமதி கேட்க வேண்டிய காலனிக் குடும்பத்துக்கு ஒவ்வொரு கிலோவும் காசுதான்.

அப்படியானால் நாட்டு மாடே வாங்கலாமா? 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டைக் காப்போம் என்ற குரல் ஓங்கியிருக்கிறது. காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி ஆகியவை காக்கப்பட வேண்டிய இனங்கள்தான். வெயிலையும் காய்ந்த தீவனத்தையும் தாங்குபவை. டெல்டாவின் சேற்று வயலுக்கென்றே உருவான உம்பளாச்சேரி, சிறிய உடற்கட்டு உள்ள மாடு. ஆனால் இவை உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனங்கள். நாளுக்கு 2, 3 லிட்டர் பாலில் மாதத் தவணை கட்ட முடியாது. மரபைக் காக்கும் செலவை நிலமில்லாதவர் தலையில் வைப்பது நியாயமல்ல.

ஆகவே நடுத்தர உடற்கட்டே நமக்கு ஏற்றது. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் கலப்பு என்பது மாநிலத்தின் கால்நடை இனப்பெருக்கக் கொள்கையிலேயே உள்ளது. ஜெர்சிக் கலப்பினம் ஹோல்ஸ்டீனை விட எடை குறைவு. பாலில் கொழுப்புச் சத்து கூடுதல். ஆவின் பாலின் தரம் பார்த்தே விலை போடுகிறது. பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாய், 2023 டிசம்பர் முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை என்ற அளவில் பார்த்தால், 8 லிட்டருக்கு 304 ரூபாய் வரும். அதற்கு அடர்தீவனம் மட்டும் ஏறத்தாழ 4.5 கிலோ வேண்டும். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பார்த்துவிட்டு, வைக்கோலையும் கழியுங்கள். மிஞ்சுவதில்தான் தவணை கட்ட வேண்டும்.

பேசப்படாத இன்னொரு பாதி, மாட்டை விற்கும் விலை. கலப்பினக் காளைக்கன்றை உழவுக்கு யாரும் கேட்பதில்லை. ஈத்துகள் முடிந்த மாட்டையும் அடிமாடாகத்தான் விலை பேசுகிறார்கள். அங்கே விலை என்பது எடை. துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர்கள் பேசும் சந்தையில், எடை தெரியாமல் நிற்பவர்தான் ஏமாறுகிறார். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் வரும். 160 சுற்றளவும் 135 நீளமும் உள்ள மாடு சுமார் 319 கிலோ. கல்லூரி மாணவர்கள் தங்கள் தெருவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம்.

விற்கும் விலையில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1958ஆம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்ற சான்று இருந்தால் இறைச்சிக்கு அனுமதி உண்டு. 1976 அரசாணை பசுவுக்கும் கிடேரிக்கும் அதையும் தடுத்தது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கவே தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. வாங்குபவர் பயந்து ஒதுங்கினால் விலை சரியும். பத்து மாடு வைத்திருப்பவருக்கு அது நட்டம். ஒற்றை மாட்டுக்காரருக்கு அடுத்த மாடு வாங்கும் முதலே போய்விடும்.

மானியம் தருவதோடு அரசின் கடமை முடியவில்லை. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கத் தொடங்கியபோதே, நிலமில்லாமல் விடுதலை இல்லை என்பது வெளிச்சமானது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. மேய்க்கால் புறம்போக்கு பல ஊர்களில் ஆதிக்கத்தில் உள்ளவர் வேலிக்குள் இருக்கிறது. புல் முளைக்கும் இடமெல்லாம் ஒருவர் கையில், மாடு மட்டும் இன்னொருவர் கையில் என்றால் கடன் எப்படி அடையும்?

கோரிக்கைகள் மூன்று. மேய்க்கால் நிலத்தில் ஒரு பகுதியை மீட்டு, தலித் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குத் தீவனம் வளர்க்கக் குத்தகைக்குத் தர வேண்டும். கடன் தொகையிலேயே முதல் ஆறு மாதத் தீவனச் செலவைச் சேர்க்க வேண்டும். மாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளியிடமே இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் பல், மடி, எடை மூன்றையும் பார்த்து எழுதித்தர வேண்டும்.

கடன் விண்ணப்பம் நிரப்பும் முன் வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: தினமும் எத்தனை கிலோ தீவனம் நம்மால் கொண்டுவர முடியும்? அது எத்தனை கிலோ மாட்டுக்குப் போதும்? பதில் கிடைத்த பிறகு சந்தைக்குப் புறப்படுங்கள்.