இரவல் இருள்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஏனைய கேள்விகளுக்கு அடுத்த இதழில் விடை கூறுவோம், இன்ஷா அல்லாஹ்.

எழுதியிருப்பவர் ஒரு தாய். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள், பாடநூலில் ஹெலன் கெல்லர் அம்மையாரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, விடுமுறை நாளொன்றில் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் கறுப்புத் துணியால் இரு கண்களையும் கட்டிக்கொண்டாளாம். உளூச் செய்வதற்காக மட்டும் கண்களை மூடியபடியே துணியை நீக்கி, மீண்டும் கட்டிக்கொண்டு, அஸர் வரை அவ்வாறே வீட்டில் நடமாடியிருக்கிறாள். பார்வை என்னும் நிஃமத்தின் அருமையை உணர்ந்து ரப்புக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பது அவள் நிய்யத்து.

அதே வீட்டில் அவளுடைய வாப்பும்மாவும் இருக்கிறார். கண் அழுத்த நோயால் இரு கண்களிலும் பார்வை போய்ப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. பேத்தி சுவரைத் தடவிச் செல்வதையும், நடையில் கிடந்த முக்காலியில் இடித்துக்கொண்டு தம்பியோடு சேர்ந்து சிரிப்பதையும் காதால் அறிந்த அம்மூதாட்டி, "எனக்கு அல்லாஹ் தந்ததை இவள் ஒரு பகலுக்கு இரவல் வாங்கி உடுத்திப் பார்க்கிறாளா?" என்று கேட்டாராம். அன்று பகல் அவர் உணவு கொள்ளவில்லை. பேத்தி அழுதுகொண்டிருக்கிறாள். நல்ல எண்ணத்தோடு செய்ததற்கு இந்தக் கோபமா என்பது அவள் கேள்வி. மாமியாருக்கும் மகளுக்கும் இடையே நின்று அந்தச் சகோதரி மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார்: கட்டோடு தொழுத லுஹர் நிறைவேறுமா? இவ்வாறு செய்வது மார்க்கத்தில் கூடுமா? இருவரில் யார் பக்கம் நியாயம்?

முதற் கேள்வி எளிது. உளூவில் முகம் முழுவதும் கழுவப்பட்டுள்ளது. துணி நெற்றி முழுவதையும் மறைக்காமல், நெற்றியின் ஒரு பகுதியேனும் வெறுமையாகத் தொழும் இடத்தில் பட்டிருந்தால் ஷாபிஈ மத்ஹபின்படி ஸுஜூது நிறைவேறிவிடும். முழுவதும் மறைந்திருந்தால் அத்தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டும். கண்களை மூடித் தொழுவதை ஹனபி மத்ஹபினர் மக்ரூஹ் என்பர். தீங்கு நேராதவரை மக்ரூஹ் இல்லை என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் கருத்து. இனி ஒருமுறை அவள் இதைச் செய்வதாயின், தொழுகை வேளையில் துணியைக் கழற்றிவிடுவதே நலம். கிடைத்த நிஃமத்துக்கு நன்றி சொல்லவே இவ்வளவும் செய்கிறாள். அந்த நன்றியைச் சொல்லும் நேரத்தில் நிஃமத்தை மூடி வைப்பானேன்?

இரண்டாம் கேள்விக்குச் சற்று நின்று விடை காண வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விசாரித்தார்கள். அபூ இஸ்ராயீல் என்பவர் அவர். உட்காருவதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பும் நோற்பது என்று நேர்ந்துகொண்டிருக்கிறார் எனக் கூறப்பட்டது. பேசும்படியும், நிழலுக்கு வரும்படியும், உட்காரும்படியும், நோன்பை மட்டும் நிறைவு செய்யும்படியும் அவருக்குச் சொல்லுமாறு அண்ணலார் பணித்தார்கள். ஸஹீஹ் புகாரியில் உள்ள செய்தி இது. நான்கு வருத்தங்களில் மூன்றை நீக்கி ஒன்றை மட்டும் நிறுத்தியது ஏன்? வெயிலில் நிற்பதில் வருத்தம் உண்டு. ஆனால் அது எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. நோன்பு அப்படியன்று. இரவெல்லாம் நின்று தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கு உள்ள உரிமையோடு கண்ணுக்குள்ள உரிமையையும் பெயர் சொல்லியே நினைவூட்டினார்கள் நபியவர்கள்.

ஆகவே, கண்ணைக் கட்டுவது தன்னளவில் வணக்கம் ஆகாது. அதற்கென நன்மை எதுவும் எழுதப்பட்டுள்ளதாகக் கூற எனக்கு ஆதாரம் இல்லை. நேர்ச்சையாகக் கொள்ளாமல், உடலுக்குத் தீங்கு வராமல், சிந்தனைக்காகச் சில மணி நேரம் செய்வதைத் தடுக்கவும் காரணம் இல்லை. ஆயினும் நோன்பைப் பாருங்கள். பசியை விரும்பி ஏற்கும் அம்மாதத்தின் முடிவில் ஸதகத்துல் ஃபித்ர் நம்மீது கடமையாகிறது. பசித்தவன் பிறர் பசிக்குத் தானியம் அளந்து கொடுத்துவிட்டுத்தான் பெருநாள் தொழுகைக்குப் புறப்பட வேண்டும். விரும்பி ஏற்ற பசியை அதன் போக்கில் விட்டுவிடாமல், மற்றவன் வீட்டு அடுப்போடு கட்டி வைத்தது நம் மார்க்கம். கண்ணைக் கட்டிய பெண்ணும் கட்டை அவிழ்த்த பின் யாரிடம் போனாள் என்பதை வைத்தே இச்செயலை மதிப்பிட வேண்டும். கடிதத்தின்படி அவள் முதலில் போனது நிலைக்கண்ணாடியிடம். இளம் வயது, அதில் குறை காண நான் வரவில்லை.

ஆனால் அவள் படித்த கட்டுரையிலேயே இதற்கு வேறு வழி இருந்தது. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே நோயால் பார்வையையும் கேள்வியையும் இழந்த ஹெலன் கெல்லர் (1880–1968), அமெரிக்க இதழொன்றில் 1933-ஆம் ஆண்டு எழுதியது அது. மனிதர் ஒவ்வொருவரும் இளமையில் சில நாள் குருடாகவும் செவிடாகவும் இருந்து பார்ப்பது நல்லது என்ற கருத்தை அவர் அதில் சொன்னது மெய்யே. நம் பிள்ளைகள் அந்த இடத்தோடு நூலை மூடிவிடுகிறார்கள். கட்டுரையின் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது: தமக்கு மூன்று நாள் பார்வை கிடைத்தால் எதையெல்லாம் காண்பேன் என்று அவர் அதில் வரிசைப்படுத்துகிறார். முதல் நாளைத் தம் வாழ்வை வாழத்தக்கதாக்கிய அன்புள்ளவர்களின் முகங்களுக்கே, முதன்மையாகத் தம் ஆசிரியைக்கே, ஒதுக்குகிறார். கானகத்தில் நெடுநேரம் உலாவித் திரும்பிய ஒரு தோழி, குறிப்பாக எதையும் பார்க்கவில்லை என்று சொன்னதைக் கேட்டு வியந்ததையும் எழுதியிருக்கிறார். கண்ணைக் கட்டுவதைவிடக் கடினமானது, திறந்த கண்ணால் பார்ப்பது.

இருளில் சில நாள் இருந்தால் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்று மருத்துவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நல்ல பார்வையுள்ள 13 பேரின் கண்களை ஐந்து நாள்கள் கட்டிவைத்தனர். அவர்களுள் 10 பேருக்கு இல்லாத ஒளிகளும் உருவங்களும் தோன்றியதாக 2004-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அதே குழுவினர் 2008-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு மேலும் வியப்புக்குரியது. கண் கட்டிய ஐந்து நாளும் புள்ளி எழுத்தாகிய பிரெயிலை விரலால் பயின்றவர்களுக்கு, பார்வைக்கென அமைந்த மூளைப் பகுதியே தொடுகைக்கும் பணி செய்யத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த 24 மணி நேரத்தில் அந்த மாற்றம் மறைந்தும் போயிற்று. ஸுப்ஹானல்லாஹ்! ஒரு வாயில் அடைபட்டதும் மறு வாயிலைத் திறக்கும்படி மூளையைப் படைத்தவன் அவன். அந்த மாற்றம் போலவே, கட்டு அவிழ்ந்த மகிழ்ச்சியில் பிறந்த ஷுக்ரும் மறுநாள் அஸருக்குள் மறைந்துவிடக்கூடும் என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி மூன்றாம் கேள்வி. வாப்பும்மா ஏன் வருந்தினார்? பேத்தியின் நிய்யத்தை அவர் ஐயுற்றதாக நான் நினைக்கவில்லை. அவருக்குக் கேட்டது அந்தச் சிரிப்பு. முக்காலியில் இடித்துக்கொண்டால் பேத்திக்கு அது வேடிக்கை. மூதாட்டிக்கு அது எலும்பு முறிவு. பேத்தியின் கட்டில் இருந்த முடிச்சு அவள் கையிலேயே இருந்தது. இதைவிட ஆழமான காரணமும் ஒன்றுண்டு. ஏரியல் சில்வர்மேன் என்னும் ஆய்வாளர், தாமே பார்வையற்றவர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கண்ணைக் கட்டிச் சிறிது நேரம் நடந்து பார்த்தவர்கள், கண் தெரியாதவர்களால் தொழில் செய்யவும் தனித்து வாழவும் அவ்வளவாக இயலாது என்று மற்றவர்களைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள் எனக் காட்டினார். காரணம் வெளிப்படை. கட்டியவனுக்குக் கிடைப்பது இருளின் முதல் மணி நேரம். அந்தத் தடுமாற்றத்தையே அவன் பார்வையற்றவரின் வாழ்வென்று எண்ணிவிடுகிறான். பதினோர் ஆண்டுகளில் ஒருவர் கற்றுக்கொண்டதை ஒரு பகலின் கட்டு காட்டாது. அரிசி களைவதும், காலடி ஓசையால் ஆளை அறிவதும், யாஸீனை மனத்திலிருந்தே ஓதுவதும் அந்தப் பகலில் தெரிய வந்திருக்க மாட்டா.

இவ்விடத்தில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினையாமல் இருக்க முடியாது. குறைஷித் தலைவர்களோடு நபியவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அந்தப் பார்வையற்ற தோழர் வந்து கேள்வி கேட்டார். அண்ணலாரின் திருமுகம் சற்றே சுருங்கித் திரும்பியது. அதைப் பற்றி 'அபஸ' எனத் தொடங்கும் 80-ஆம் அத்தியாயம் அருளப்பட்டதை நாம் அனைவரும் மக்தபிலேயே கேட்டிருக்கிறோம். கேள்வி கேட்டவர் அந்த முகச் சுருக்கத்தைப் பார்த்திருக்க முடியாது. அவர் அறியாததையும் அல்லாஹ் பதிவு செய்தான். கண் தெரியாத பெரியவர் முன்னிலையில் கண்ணால் சாடை காட்டிப் பேசிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை இருக்கிறது!

பிற்காலத்தில் அத்தோழர் என்ன ஆனார்? நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தம் பொறுப்பாளராக அவரைப் பலமுறை அமர்த்தினார்கள். ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்லிவிடுவார். இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம் என்று அறிவித்தார்கள். விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பிறகே அவர் பாங்கு சொல்வார் என்றும் அந்த அறிவிப்பில் இருக்கிறது. பார்வையுள்ளவர்கள் தம் கண்ணை அவருக்கு ஈந்தார்கள். அவர் தம் குரலை ஊருக்கு ஈந்தார். ஓர் ஊரின் நோன்பே கண் தெரியாத ஒருவரின் குரலில் தொடங்கியது.

ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஹைனெக்கே என்பவர் 1988-இல் பிராங்பர்ட் நகரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். சிறிதும் ஒளியில்லாத கூடங்களுக்குள் பார்வையுள்ளவர்கள் போவார்கள். அவர்களுக்கு வழிகாட்டுபவர் பார்வையற்றவர். பிற நாடுகளுக்கும் அது பரவியது. உங்கள் மகள் செய்ததற்கும் இதற்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடு: அங்கே இருட்டில் வழி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரை நம்பி மற்றவர் நடக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவரைக் கேளாமல் அந்தப் பிள்ளை தனியே சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆகவே, சகோதரி, வாப்பும்மாவின் வருத்தம் நியாயமானது. மகளின் நிய்யத்தும் நல்லது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தி நான் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. மகளை வாப்பும்மாவிடம் அனுப்பி, அவர் மனம் நொந்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அந்த முக்காலி யாரால் அங்கே வைக்கப்பட்டது என்றும் வீட்டில் விசாரியுங்கள். பகல் முழுதும் மகள் மோதியவை எவை என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, அவற்றை வாப்பும்மாவிடம் படித்துக் காட்டட்டும். எவை எங்கே இருக்க வேண்டும் என்று அவரே கூறுவார். உப்பு ஜாடியை இடம் மாற்றுவோர், வாசற்படியில் செருப்பை விட்டுச் செல்வோர், பாதி திறந்த கதவை அப்படியே விடுவோர் எல்லோரும் அந்தச் சமயத்தில் வீட்டில் இருப்பது நல்லது. பின்னொரு நாள் வாப்பும்மாவே விரும்பினால், மகள் மீண்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்து நடக்கலாம். அவர் விரும்பாவிடில் அப்பேச்சை எடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மாமியாருக்கு வந்தது கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் என எழுதியிருக்கிறீர்கள். கண்புரையைப் போல அறுவை செய்து இழந்த பார்வையை மீட்டுத் தரக்கூடிய நோய் அன்று இது. பெரும்பாலும் வலியின்றி, பக்கவாட்டுப் பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே வரும். நேர்ப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. போனது திரும்பாது, காலத்தில் கண்டுபிடித்தால் சொட்டு மருந்தாலும் பிற சிகிச்சையாலும் எஞ்சியதைக் காக்கலாம். குடும்பத்தில் தொடரும் இயல்பும் இதற்கு உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்கு, செய்துகொள்ளுங்கள் என்றே நபியவர்கள் விடையளித்தார்கள்.

உங்கள் கணவர் வளைகுடாவில் இருக்கிறார், வயது 46 என்று எழுதியுள்ளீர்கள். அந்த அம்மையாரின் மகன் அவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. கண்ணின் அழுத்தத்தை அளந்து, உள்ளே பார்வை நரம்பையும் பார்த்து, பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்க வேண்டும். விடுப்பில் ஊர் வரும்வரை காத்திராமல், இருக்கும் இடத்திலேயே கண் மருத்துவரிடம் போகும்படி இந்த வாரமே தொலைபேசியில் சொல்லுங்கள். தாயாருக்கு இந்நோய் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறச் சொல்லுங்கள். அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அவர்களுக்கும் இதே செய்தி போகட்டும்.